எட்டாவது கட்டம்

எழுபத்து மூன்று நாளாக இந்தக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்குத்தான் வந்து பெஞ்சில் இடம் கேட்கிறவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

அவன் டைப்பிஸ்ட். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. முந்நூறு பக்க ஆராய்ச்சிக் கட்டுரையில் எங்கேயோ விட்டுப்போன கமாவை, பக்கம் புரட்டுகிற வேகத்திலேயே பிடித்துவிடுவான். அதனால் அவன் பெயரே 'கமா' ஆகிவிட்டது. மனைவி பார்சல் ஆபீஸில் எடை போடும் கவுன்ட்டரில் பதினாலு வருஷமாக இருக்கிறாள். ஒன்பது வருஷம் காத்திருந்து ஒரு பெண் குழந்தை. அதுவும் என்ன அவசரமோ, மூன்று மாதம் முன்னாலேயே வந்துவிட்டது. பிறந்தபோது எடை எழுநூற்று ஐம்பது கிராம். பெயர் வைக்கக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை. வார்டே சேர்ந்து 'முக்காக்கிலோ' என்று கூப்பிட்டது, அதுவே நின்றுவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாக்களும் நர்சுகளும் மட்டும்தான். அப்பாக்கள் இந்தப் பக்கம். ஆக, கமா தன் மகளை இந்த எழுபத்து மூன்று நாளில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

நேற்று சாயங்காலம்தான் நல்ல சேதி வந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பலாம், பேப்பர் தயார் பண்ணுங்கள் என்று டாக்டரம்மா போனில் சொல்லிவிட்டார். பார்த்தால் வார்டு கிளார்க் லீவு. "நீங்கதான் டைப்பிஸ்ட் ஆச்சே, கமா சார். பத்து நிமிஷ வேலை, கொஞ்சம் உட்காருங்களேன்" என்று பெரிய சிஸ்டர் அவனை முன்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார். அவன் அடித்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு அப்பால் மனைவி குழந்தையை அவன் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். முக்காக்கிலோ வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள். போன வாரக் கதையை அந்தக் கொட்டாவியோடுதான் நிறுத்தினோம்.

இப்போது விடிந்துவிட்டது. எழுபத்து நாலாவது நாள்.

காலை எட்டு மணிக்கு மனைவி வெளியே வந்தாள். தலைமுடி கலைந்திருந்தது, கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆனால் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இன்னிக்கு ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது" என்றாள்.

"எடை போட்டாச்சா?"

"தெரியலை. நான் தூக்கினேன். நேத்தைக்கு இன்னிக்கு முப்பது கிராம் கூட."

"ஆமா, உன் கைதான் தராசு" என்று கமா சிரித்தான்.

தினமும் இப்படித்தான். குழந்தையைத் தூக்கலாம் என்று அனுமதி கிடைத்த நாளிலிருந்து, காலையில் வந்து ஒரு எண் சொல்வாள். அவன் சிரிப்பான். அப்புறம் இருவரும் டீ குடிப்பார்கள். அந்த எண் சரியா தப்பா என்று அவன் ஒரு நாளும் ஒத்துப் பார்த்ததில்லை. கமாவுக்கு அச்சடித்த எழுத்துதான் எழுத்து. வாய்ப்பேச்சு அவனுக்கு வெறும் காற்று.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பெரிய சிஸ்டர் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"சொல்றேன்னு பயந்துக்காதீங்க. மூணாம் தொட்டில் பையனுக்கு விடிகாலைலேர்ந்து காய்ச்சல். கிருமி ஏதோ உள்ள வந்திருக்கு. ராத்திரி டூட்டிப் பொண்ணு அந்தப் பையன்கிட்டயே நின்னுட்டு இப்பத்தான் வீட்டுக்குப் போறா. உங்க பொண்ணு நல்லாதான் இருக்கா. ஆனா நான் உங்க இடத்துல இருந்தா, இன்னிக்கே தூக்கிட்டுப் போயிடுவேன். ஒரு நாள்கூடத் தங்க மாட்டேன்."

மனைவி டீ டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு மறுபடி உள்ளே ஓடினாள்.

பதினொரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். வாரம் இரண்டு நாள்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வருவார். ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். அவர் கையெழுத்து இல்லாமல் எந்தக் குழந்தையும் அந்தக் கண்ணாடியைத் தாண்ட முடியாது. கமா கதவோரமாக நின்றான். கதவு பாதி திறந்திருந்தது.

டாக்டரம்மா பேப்பரைப் புரட்டினார். எடை அட்டவணைக்கு வந்ததும் விரல் நின்றது.

"சிஸ்டர், என்ன இது? நேத்து ஆயிரத்து எண்ணூத்திப் பத்து. இன்னிக்குக் காலைல ஆயிரத்து அறுநூத்தி நாப்பதா? ஒரே நாள்ல நூத்தி எழுபது கிராம் இறங்கியிருக்கு, யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

பெரிய சிஸ்டருக்கு முகம் வெளிறிவிட்டது. "காலை எடை ராத்திரி டூட்டிதான் டாக்டர் போடுவாங்க..."

"இப்பப் போடுங்க. என் கண் முன்னால."

போட்டார்கள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து.

டாக்டரம்மா தராசைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார். மறுபடி தராசைப் பார்த்தார்.

"நாலு மணி நேரத்துல எந்தக் குழந்தையும் இருநூறு கிராம் ஏறாது. தராசுல கோளாறு. அப்படின்னா இந்த வாரம் பூரா போட்ட எடையையும் நான் நம்ப முடியாது." பேனாவை மூடினார். "ஏழு நாள் விடாம எடை ஏறியிருக்கணும், அதுவும் சரியான தராசுல. அதுதான் விதி. இந்த மெஷினைக் கட்டி ரிப்பேருக்கு அனுப்புங்க. நாளைக்கு வேற வரும். முதல்லேர்ந்து எண்ண ஆரம்பிப்போம்."

"டாக்டர்!" மனைவியின் குரல் உடைந்தது. "காலைல அவ அந்த எடை இல்லை. நான் தூக்கினேன். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது இருந்தா."

"அம்மா, உங்க ஆசை புரியுது. ஆனா கைல தூக்கிப் பார்த்து நான் கையெழுத்துப் போட முடியுமா?" டாக்டரம்மா கதவுப் பக்கம் திரும்பினார். "நீங்கதானே அப்பா? நீங்களாவது சொல்லுங்க."

மனைவி அவனைப் பார்த்தாள். எழுபத்து நாலு நாளில் அவள் அவனிடம் கேட்ட ஒரே சாட்சி அதுதான்.

கமா பேப்பரைப் பார்த்தான். "இல்ல... பேப்பர்ல அப்படித்தானே இருக்கு..." என்றான்.

அட மனுஷா! இதைச் சொல்லத்தானா வாயைத் திறந்தாய்?

அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

கமா வராந்தா பெஞ்சில் வந்து விழுந்தான். இன்னும் ஏழு நாள், அதுவும் அந்தக் கிருமியோடு ஒரே அறையில். மூணாம் தொட்டிலுக்கும் அவர்கள் தொட்டிலுக்கும் நடுவில் ஆறடி இருக்குமா? அவன் மனசு அந்த ஆறடியை அளந்து அளந்து பார்த்தது.

அக்காவுக்குப் போன் போட்டான். கமாவின் அக்கா அவர்களோடுதான் இருக்கிறாள், தையல்காரி. தெருவில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் சட்டை அவள் தைத்ததுதான். தம்பி மகளுக்கு மட்டும் ஊசியில் நூல் கோக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. "பொழச்சு வீட்டுக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரே பிடிவாதம். மனைவிக்கு அது பெரிய மனத்தாங்கல்.

"அக்கா... இன்னிக்கு இல்லையாம். இன்னும் ஏழு நாள்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

"டேய், விளையாடாதே."

"நிஜமாதான்."

அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"காலைலதான்டா துணியை வெட்டினேன். நீ நேத்து கொட்டாவி விட்டாள்னு சொன்னியே... அதுக்கப்புறம் மனசு கேக்கலை. தச்சு முடிச்சுட்டேன். பட்டன்தான் பாக்கி." அக்கா திடீரென்று எரிந்து விழுந்தாள். "ஏழு நாள்ல அவ வளந்துடுவாளேடா! சட்டை பத்தாதே!"

கமா போனை வைத்துவிட்டான்.

பெரிய சிஸ்டர் அந்தப் பேப்பரின் ஒரு பிரதியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கமா அதை எடுத்தான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது. கையில் அச்சடித்த காகிதம் வந்தால் கண் தன்னால் வேலையை ஆரம்பித்துவிடும். முதல் வரியில் ஒரு கமா விட்டுப்போயிருந்தது. 'சே' என்று நினைத்துக்கொண்டான். இரண்டாம் பக்கத்தில் அட்டவணை. எட்டுக் கட்டங்கள். ஏழு நாளுக்கு ஏழு, வீட்டுக்குப் போகிற காலைக்கு ஒன்று. மேலிருந்து படித்தான்.

1640. 1665. 1695. 1720. 1750. 1785. 1810. 1640.

கடைசி எண்ணுக்கு வந்ததும் கண் மேலே போனது. மறுபடி கீழே வந்தது, மறுபடி மேலே போனது.

முதல் கட்டத்தில் 1640. எட்டாவது கட்டத்திலும் அதே 1640.

கமா கட்டங்களை விரல் வைத்து எண்ணினான்.

அவன் கடையில் மாசத்துக்கு ஒரு மாணவனாவது இதைச் செய்துவிட்டு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பான். அட்டவணையில் ஏழு கட்டத்தைக் காப்பி எடுத்து, ஒட்டுகிற இடத்தில் மவுஸை அசட்டையாக இழுத்து எட்டுக் கட்டத்தைப் பிடித்துவிட்டால், அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர் "ஒரு கட்டம் மிச்சமிருக்கே" என்று வாயைத் திறந்து கேட்காது. காலியாகவும் விடாது. முதல் எண்ணையே எடுத்து அங்கே மறுபடி போட்டுவிடும். "பெட்டி மிச்சமிருந்தா அது பல்லவியிலேர்ந்து திரும்பப் பாட ஆரம்பிச்சுடும்டா, எண்ணிப் பார்த்துப் பிடி" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறான்!

நேற்று ஏழு நாள் எடையை வார்டு ஃபைலிலிருந்து இந்த அட்டவணைக்குக் காப்பி எடுத்தது யார்? இவன்தான்.

எட்டாவது கட்டம் காலியாக இருந்திருக்க வேண்டும். இன்று காலை எடை போட்டு நர்ஸ் நிரப்ப வேண்டிய கட்டம். அது நேற்றே நிரம்பிவிட்டது. மூணாம் தொட்டில் பையனோடு அல்லாடிக்கொண்டிருந்த ராத்திரி நர்ஸ், விடிகாலையில் ஃபைலைத் திறந்திருப்பாள். கட்டம் நிரம்பியிருக்கிறதே, யாரோ போட்டுவிட்டார்கள் என்று மூடியிருப்பாள். காலையில் முக்காக்கிலோவை யாரும் எடையே போடவில்லை!

ஆனால் அவன் எப்படி இதைப் பார்க்காமல் விட்டான்? கமாவையே விடாதவன், ஒரு முழு எண்ணையா விட்டான்?

அப்போது ஞாபகம் வந்தது. கை ஒட்டுகிற பொத்தானை அழுத்திய அந்த நொடியில் கண் திரையில் இல்லை. கண்ணாடியில் இருந்தது. மனைவி குழந்தையைத் திருப்பிக் காட்டினாள். முக்காக்கிலோ கொட்டாவி விட்டாள். உள்ளங்கை அகல முகத்தில் அவ்வளவு பெரிய கொட்டாவி. அதைப் பார்த்துக்கொண்டே சேமித்து, மூடி, எழுந்து கண்ணாடிக்கு ஓடியிருக்கிறான். திரையில் என்ன வந்தது என்று அவன் பார்க்கவே இல்லை.

மணி பன்னிரண்டே கால். டாக்டரம்மா கிளம்ப முக்கால் மணி நேரம் இருந்தது.

"டாக்டர், ஒரு நிமிஷம்!"

டாக்டரம்மா முன்னறையில் மேஜையோரம் நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தராசைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தரையில் வைத்திருந்தார்கள். கமா உள்ளே வந்த வேகத்தில் அதன் மேலேயே தடுக்கி விழப் பார்த்தான்.

"தராசு தப்பு பண்ணலை டாக்டர். டேபிள் தப்பு பண்ணிடுச்சு."

"எந்த டேபிள்?" அவர் கையை மேஜையிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து அதன் காலைப் பார்த்தார்.

"இது இல்ல டாக்டர், பேப்பர்ல இருக்கே, அந்தக் கட்டம்! கம்ப்யூட்டர்ல காட்டறேன்."

அனுமதி கேட்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஏழு கட்டத்தைக் காப்பி எடுத்தான். எட்டுக் கட்டத்தைப் பிடித்தான். "பாருங்க" என்று ஒட்டினான். ஏழும் வரிசையாக இறங்கின. எட்டாவதில் 1640 வந்து உட்கார்ந்தது. அழித்துவிட்டு இன்னொரு தடவை செய்தான். மறுபடியும் 1640. மூன்றாம் தடவை டாக்டரம்மாவே மவுஸைப் பிடித்துச் செய்து பார்த்தார். அவருக்கும் அதுவே வந்தது.

"அடக் கடவுளே" என்றார் டாக்டரம்மா. "இத்தனை வருஷமா இந்தக் கம்ப்யூட்டரை நம்பியா உட்கார்ந்திருக்கோம்?" சட்டென்று நிமிர்ந்தார். "ஆமா, இதை டைப் பண்ணது யாரு? கிளார்க் லீவாச்சே?"

கமாவின் வாய் திறந்தது. கண் பெரிய சிஸ்டர் பக்கம் போனது. வெளியாட்கள் வார்டு கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று அந்த அறைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்த அம்மாளின் இருபத்தாறு வருஷ வேலைக்கு என்ன ஆகும்? சொல்லாவிட்டால் பழி அந்த ராத்திரி நர்ஸ் தலையில் விழும்.

அவன் பதில் சொல்வதற்குள் பெரிய சிஸ்டரே ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான்தான் டாக்டர் இவரை உட்கார வச்சேன். தப்பு என்னுது."

"இல்ல டாக்டர், கை என்னுது" என்றான் கமா. "நான் குழந்தையைப் பார்த்துட்டிருந்தேன். திரையைப் பார்க்கலை."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் கோபமா, வேறு எதுவுமா, சொல்ல முடியவில்லை.

"சிஸ்டர், மூணு மணிக்கு சூப்பிரண்டெண்ட் உங்களைக் கூப்பிடுவார். நான் சொல்லாம இருக்க முடியாது." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "இப்படி நடக்கலாம்னு காட்டிட்டீங்க, சரி. இப்படித்தான் நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? குழந்தையைக் கூட்டிட்டுப் போகத் துடிக்கிற அப்பா நீங்க. தராசு மேல சந்தேகம் வந்துடுச்சு. அது சரின்னு யார் சொல்றது? பார்க்க ஆள் நாளைக்குத்தான் வருவார்."

"நான் சொல்றேன்."

மனைவி கதவில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"தராசு சரியா இருக்கு டாக்டர். தினமும் நான் தூக்கறேன், அப்புறம் அவங்க போடறாங்க. ரெண்டும் ஒண்ணுதான் சொல்லுது." அவள் அந்தப் பேப்பரைப் பார்க்கக்கூட இல்லை. "போன வாரம் ஆயிரத்து அறுநூத்தி நாப்பது. மறுநாள் இருபத்தஞ்சு ஏறினா. அப்புறம் முப்பது. அப்புறம் இருபத்தஞ்சு, முப்பது. அதுக்கடுத்த நாள் நல்லாக் குடிச்சா, முப்பத்தஞ்சு. நேத்து இருபத்தஞ்சு."

டாக்டரம்மாவின் விரல் பேப்பரில் ஒவ்வொரு கட்டமாக இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் நின்றது.

"நர்சுங்க சொல்லி ஞாபகம் வச்சிருப்பீங்க."

"அப்படின்னா நீங்களே பாருங்க டாக்டர். எதையாவது குடுங்க."

டாக்டரம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். "அந்தத் தராசை எடுத்து மேல வைங்க சிஸ்டர்."

உறையைப் பிரித்தார்கள். அலமாரியிலிருந்து சீல் பிரிக்காத குளுக்கோஸ் பாட்டில் ஒன்று வந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். வலது உள்ளங்கையில் வாங்கினாள். கை ஒரு விரற்கடை இறங்கி, அதே அளவு ஏறியது.

"ஐநூத்தி நாப்பது."

தராசு 542 என்றது.

"இதைப் பாருங்க" என்று டாக்டரம்மா தன் சாப்பாட்டு டப்பாவையே எடுத்துக் கொடுத்தார்.

"எழுநூத்திப் பத்து." கொஞ்சம் தயங்கினாள். "ஸ்பூன் உள்ள இருக்கா டாக்டர்? ஒரு பக்கமா சாயுது."

ஸ்பூன் இருந்தது. தராசு 708 காட்டியது.

பெரிய சிஸ்டர் வாயில் கையை வைத்துக்கொண்டார். இரண்டு நர்சுகள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். டாக்டரம்மாவுக்கு அந்த டப்பாவை வாங்கிக்கொள்ளக்கூட மறந்துபோய்விட்டது.

கமா ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றான். ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறான். வாங்கி வருகிற காய்கறிப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு "கடைக்காரர் குறைச்சுட்டார்" என்பாள், இவன் "உனக்கு எப்பவும் சந்தேகம்தான்" என்பான். அவள் கைக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள அவன் கேட்டதும் இல்லை.

"கடைசியா ஒண்ணு" என்றார் டாக்டரம்மா. குரல் இறங்கியிருந்தது. "உங்க பொண்ணைத் தூக்குங்க."

கண்ணாடிக்கு அப்பால் போனார்கள். தராசும் கூடவே போனது. கமா வழக்கம்போல இந்தப் பக்கம் நின்றான். மனைவி தொட்டிலிலிருந்து துணியோடு அள்ளி எடுத்தாள். கண் மூடவில்லை இந்தத் தடவை, குழந்தையைத்தான் பார்த்தாள். உதடு அசைந்தது. திறந்திருந்த கதவு வழியாகக் கேட்டது.

"துணியோட ரெண்டாயிரத்துப் பத்து. துணி நூத்தி முப்பத்தஞ்சு. பார்சல் ஆபீஸ்ல பெட்டியைக் கழிச்சுச் சொல்றதுதானே டாக்டர் எங்க வேலை! இப்பதான் பால் குடிச்சா, அது ஒரு முப்பது. அதையும் சேர்த்து ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தஞ்சு."

துணியை விலக்கித் தராசில் கிடத்தினார்கள். முக்காக்கிலோவுக்கு அந்தக் குளிர்ச்சி பிடிக்கவில்லை. காலை உதைத்துக் கத்தினாள். எண்கள் ஏறின, இறங்கின, ஆடின. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குழந்தை கத்துவதை நிறுத்தியதும் எண்ணும் நின்றது.

1875.

டாக்டரம்மா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனைவியின் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து, ஏதோ புது மாதிரியான கருவி போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்தொரு வருஷமா டாக்டரா இருக்கேன்மா" என்றார்.

எட்டாவது கட்டத்தில் 1640-ஐ ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் பேனாவால் 1845 என்று எழுதினார். பதினொரு மணிக்குத் தன் கண் முன்னால் போட்ட எடை. கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். கமாவின் மூக்கு அதில் சப்பையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்த மனுஷனை உள்ள கூப்பிடுங்க. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க. வீட்டுக்குப் போறதுக்கு முன்னால தூக்கப் பழகட்டும்."

அவன் மூன்று தடவை கழுவினான். நாலாவது தடவை குழாயைத் திறந்தபோது பெரிய சிஸ்டர் "தோல் உரிஞ்சுடும் சார், போதும்" என்று பிடித்து இழுத்து வந்தார்.

மனைவி அவன் முன்னால் வந்து நின்றாள். கண்ணில் இன்னும் காலைக் கோபத்தின் மிச்சம் இருந்தது.

"பேப்பர்ல அப்படித்தான் இருக்குன்னீங்களே."

"தப்புதான்" என்றான். "பேப்பரை நம்பினேன். உன்னை நம்பியிருக்கணும்."

"கையை இப்படி வைங்க. கழுத்துக்குக் கீழ. பயப்படாதீங்க, உடையமாட்டா" என்று அவன் கையில் வைத்தாள்.

கமா தன் மகளை வாங்கிக்கொண்டான்.

இவ்வளவு நாளும் அவளை எண்ணாகத்தான் தெரியும் அவனுக்கு. எழுநூற்று ஐம்பது, தொள்ளாயிரம், ஆயிரத்து இருநூறு. சுவரில், பேப்பரில், திரையில். இப்போது அந்த எண்களெல்லாம் சேர்ந்து அவன் கையில் மூச்சு விட்டன. உள்ளங்கையில் அவள் நெஞ்சு படபடவென்று அடித்தது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? அவள் விரல் நுனியில் நகம் இருந்தது. அதை யார் வைத்தார்கள்? அவன் நகத்தையே பார்த்தான். அழுகிறோம் என்பதே கன்னம் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

"எவ்ளோ இருக்கா, சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் மனைவி. கோபம் போய்விட்டிருந்தது.

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். இவனுக்கா எண்ணுக்குப் பஞ்சம்?

"முழுசா இருக்கா" என்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. உள்ளே அக்கா உட்கார்ந்திருந்தாள். கமா மறுபடி போன் பண்ணிச் சொன்ன பத்தாவது நிமிஷம் பறந்து வந்திருக்கிறாள். மடியில் ஒரு பை. தலையில் நூல் ஒட்டியிருந்தது. குழந்தையைப் பார்த்ததும் இறங்கக்கூடத் தோன்றாமல் அப்படியே உறைந்துவிட்டாள்.

"அண்ணி, இவதான்" என்று மனைவி குனிந்து காட்டினாள்.

அக்கா பையிலிருந்து சட்டையை எடுத்தாள். வெள்ளைத் துணி, மூன்று பட்டன், ஒவ்வொன்றும் மிளகு அளவு. குழந்தையின் மேல் வைத்துப் பார்த்தாள். தோளுக்குத் தோள், இடுப்புக்கு இடுப்பு அச்சாகப் பொருந்தியது.

"பார்க்காமலே எப்படி அண்ணி அளவு எடுத்தீங்க?"

"தினமும் இவன் வந்து ரெண்டு கையையும் வச்சு 'இவ்ளோ இருக்கா அக்கா, இவ்ளோ இருக்கா'ன்னு காட்டுவானே" என்று அக்கா விசும்பினாள். "அதைத்தான் மனசுல அளந்து வச்சேன்."

மனைவி குழந்தையை நாத்தனார் மடியில் வைத்தாள். எழுபத்து நாலு நாள் மனத்தாங்கல் எங்கே போனது என்றே தெரியவில்லை.

ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பினார். கமா ஏறப் போனவன், ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் மூன்றாக ஐந்து நிமிஷம்.

"என்னங்க?"

"நீங்க போங்க. டைப் பண்ணது நான். பெரிய சிஸ்டர் தனியா நிக்கக் கூடாது."

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். காலையில் பார்த்த பார்வை இல்லை இது.

"போயிட்டு வாங்க" என்றாள். "நாங்க மூணு பேரும் வீட்ல இருக்கோம்."

அந்த 'மூணு பேர்' காதில் ஒலித்துக்கொண்டே இருக்க, அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். உள்ளங்கையில் இன்னும் அந்தச் சூடு இருந்தது. சூப்பிரண்டெண்ட் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டக் கை ஓங்கியவன், உள்ளே பெரிய சிஸ்டரின் குரல் கேட்டு நின்றான்.

"என்னை என்ன வேணாப் பண்ணிக்கோங்க சார். அந்த மனுஷனை மட்டும் இதுல இழுக்காதீங்க. இன்னிக்குத்தான் முதல் தடவையா மகளைத் தூக்கியிருக்கார்."

கமா தட்டவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான்.